எட்டடி கிழக்கே, இரண்டடி மேற்கே

ஜனவரி 19, திங்கள்

காலையில் மலையே தெரியாத பனி. எட்டு மணிக்கு மேல்தான் வெயில். வேர்க்கடலைக்கு, எங்கள் பேச்சில் மல்லாட்டை, தண்ணீர் பாதிப் பாத்தி வரைதான். கரண்ட் போய்விட்டது.

கோர்ட் நோட்டீஸ் வந்தது. வரும் சனிக்கிழமை பத்து மணிக்குக் கமிஷனர் நிலத்தைப் பார்க்க வருகிறார். கமிஷனர் என்றால் போலீஸ் இல்லை, கோர்ட் நியமித்த வேறொரு வக்கீல். சர்வேயரை வைத்து அளந்து, வரைபடம் போட்டு, நீதிபதிக்கு அறிக்கை தருவார். இதற்கு மனுப் போட்டே ஏழு மாதம்.

இந்த நோட்டு வக்கீல் மேடம் சொல்லி வாங்கியது. "நடந்தத அன்னன்னிக்கே எழுதி வைங்க வசந்தா. கூண்டுல ஏறினா நாள் மறந்துடும்" என்றார். அதனால் ஆரம்பத்திலிருந்து ஒருமுறை.

தாத்தாவின் நிலத்தை அப்பாவும் சித்தப்பாவும் பாகம் பிரித்தார்கள். மேற்குப் பாதி அப்பாவுக்கு, இப்போது எனக்கு. கிழக்குப் பாதி சித்தப்பாவுக்கு, இப்போது அவர் மகன் சேகருக்கு. என்னைவிட ஒரு வயது சின்னவன். மூன்று வருஷம் முன்பு நான் ஆஸ்பத்திரியில் இருந்த வாரத்தில் கல்தூண் நட்டு முள்கம்பி இழுத்துவிட்டான். என் போர்வெல்லும் மோட்டார்க் கொட்டாயும் அவன் வேலிக்குள். பௌர்ணமிக்கு மலை சுற்ற வருகிறவர்களுக்கு வண்டி நிறுத்த இடம், குளிக்க ரூம், அதற்குத் தண்ணீர். அதுதான் அவன் திட்டம். வழக்கு முடியும்வரை நான் தண்ணீர் எடுக்கலாம் என்று இடைக்கால உத்தரவு. வேலியில் ஒரு ஆள் நுழையும் சந்து. மூன்று வருஷமாக அந்தச் சந்தில் குனிந்து போய் மோட்டார் போடுகிறேன்.

குனிந்து போவது போதும்.

ஜனவரி 22, வியாழன்

சனிக்கிழமைக்கு: பாகப் பத்திரம் ஜெராக்ஸ் 3. பட்டா. பழைய புலப்படம். மோர், தம்ளர். ஒரு மம்பட்டி, கடப்பாரை. இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி.

என் வீட்டுக்காரர் லீவு கேட்டிருக்கிறார். ஆசிரமம் பக்கம் ஒரு கெஸ்ட் ஹவுஸில் சமையல் வேலை, சீசனில் லீவு தருவது கஷ்டம். தரவில்லை என்றாலும் பரவாயில்லை.

மேற்குப் பக்கத்து நிலத்து அஞ்சலை அக்காவிடம் சொன்னேன். வேலி போடும் முன் வரப்பு எங்கே இருந்தது என்று சாட்சி சொல்ல ஒத்துக்கொண்ட ஒரே ஆள். மற்றவர்களுக்குச் சேகர் வேண்டும், அவன் பௌர்ணமிக்குக் கடை போட இடம் தருவான். காக்கரட்டான் பூ பறித்துக்கொண்டே "வரேன், போ" என்றார். வேறு பேச்சு இல்லை. அவர் எப்போதும் அப்படித்தான்.

ஜனவரி 24, சனி

கால் வலி. ஆனாலும் எழுதிவிட வேண்டும்.

கமிஷனர் சின்னப் பையன் மாதிரி, ஆனால் கறார். சர்வேயர் வயதானவர். எதிர்ப்பக்கம் சேகரும் அவன் வக்கீலின் ஜூனியரும். இந்தப் பக்கம் நான், வீட்டுக்காரர், மேடம்.

எங்கிருந்து அளப்பது என்பதிலேயே ஒரு மணி நேரம். சேகர் ரோட்டோரத்திலிருந்து ஆரம்பிக்கச் சொன்னான்.

"ரோடு நகரும் தம்பி. ரெண்டு தடவ அகலப்படுத்தி இருக்காங்க. கல்லு நகராது" என்றார் சர்வேயர்.

"எந்தக் கல்லு சார்? இங்க ஒரு கல்லும் இல்ல."

"தேடுவோம்."

படத்தைப் பார்த்து ஓடை மூலையில் புங்கமரத்தடியில் வெட்டச் சொன்னார். ஒன்றரை அடி, இரண்டடி. வெறும் வேர். சேகர் சிரித்தான். வீட்டுக்காரரிடமிருந்து கடப்பாரையை வாங்கி நானே குத்தினேன். டங் என்றது. மண்ணைத் தள்ளிப் பார்த்தால் கல், தலையில் வெட்டிய குறி. சர்வேயர் தண்ணீர் ஊற்றிக் கழுவினார். கமிஷனர் போட்டோ எடுத்தார். எதிர் மூலையில் இன்னொன்று, அது சுலபமாகக் கிடைத்தது.

இரண்டு கல்லையும் பிடித்துக் கோடு இழுத்தார்கள். வேலி தாண்டி, போர் தாண்டி, சேகர் நிலத்துக்குள் போய் விழுந்தது. எட்டடி. போரிலிருந்து கோட்டுக்கு மூன்றடி. போர் என் பக்கம்.

சேகர் போன் வந்த மாதிரி தள்ளிப் போனான்.

அத்தோடு முடிந்தது என்று மோர் ஊற்றினேன். சர்வேயர் மேற்குப் பக்கம் நடக்க ஆரம்பித்தார்.

"வழக்கு கிழக்காலதானே சார்?"

"ஒரு பக்கம் மட்டும் அளந்து குடுத்தா கோர்ட்டுல ஒத்துக்க மாட்டாங்கம்மா. நாலு பக்கமும் சேரணும்."

மேற்கே அவர் அடித்த குச்சி எங்கள் வரப்பில் விழவில்லை. என் மல்லாட்டைச் செடிக்கு நடுவில் விழுந்தது. அவர் குறித்துக்கொண்டார், குச்சியைப் பிடுங்கிக்கொண்டார். அஞ்சலை அக்கா அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

பிப்ரவரி 12, வியாழன்

வெயில் ஏற ஆரம்பித்துவிட்டது. மோட்டாரில் கெபாசிட்டர் போய் இரண்டு நாள் அலைச்சல்.

கமிஷனர் அறிக்கையின் நகல் வந்துவிட்டது. மேடம் ஆபீசில் படித்தேன். நான்கு பக்கம், ஒரு படம். கிழக்கே பிரதிவாதியின் வேலி வாதியின் நிலத்துக்குள் 2.4 மீட்டர். வாதி நான், பிரதிவாதி சேகர். அது சிவப்பில். மேற்கே ஒரு பச்சைக் கோடு. வாதியின் வரப்பு பக்கத்து நிலத்துக்குள் 0.6 மீட்டர். நீளம் முழுக்க.

இரண்டடி. கிட்டத்தட்ட முக்கால் சென்ட். அஞ்சலை அக்காவின் நிலம்.

மேடம் அவசரமே படவில்லை. "இது இந்த வழக்குல வராது. அஞ்சலை பார்ட்டி இல்ல. கேட்டா, தெரியாதுன்னு சொல்லுங்க. அவங்க சாட்சி முடியட்டும், அப்புறம் உங்க இஷ்டம்."

பஸ்ஸில் வரும்போது நினைத்துக்கொண்டே வந்தேன். தெரியாது என்று சொல்ல முடியுமா.

தெரியும். ஏழாவதோ எட்டாவதோ படிக்கும்போது. ஒவ்வொரு வருஷமும் உழவு முடிந்ததும் அப்பா மேற்கு வரப்பைச் செதுக்குவார். இந்தப் பக்கம் கொஞ்சம் வெட்டுவார், அந்த மண்ணை அந்தப் பக்கம் போடுவார். நான் மண்ணை மிதித்துக் கெட்டியாக்குவேன். என் வேலை அது. ஒருமுறை அஞ்சலை அக்காவின் வீட்டுக்காரர் வந்து ஏதோ கேட்டார். அப்பா மம்பட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தார். அவர் போய்விட்டார்.

மூன்று வருஷமாகச் சேகரை என்னென்ன திட்டினேன்.

பிப்ரவரி 13, வெள்ளி

வீட்டுக்காரரிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார்.

"மூணு வருஷம் அலைஞ்சு இப்பதான் படம் நம்ம பக்கம் வந்திருக்கு. நீயே கெடுத்துக்காத. ஒரு மாசம் பொறு."

அவர் சொல்வதில் தப்பில்லை. அஞ்சலை அக்கா கோபப்பட்டு வராமல் போனால் எனக்கு வேறு சாட்சி இல்லை.

ஆனால் விஷயம் தெரியாமல் அவரைக் கூண்டில் ஏற்றக் கூடாது. அது சேகர் செய்த மாதிரியே, நான் ஆஸ்பத்திரியில் இருக்கும்போது.

பிப்ரவரி 15, ஞாயிறு

காலை ஆறரைக்கே போனேன். பூப் பறிக்கும் நேரம். படத்தைக் காட்டினேன். பச்சைக் கோட்டைக் காட்டி, இவ்வளவு உங்களுடையது எங்கள் பக்கம் இருக்கிறது என்றேன்.

அஞ்சலை அக்கா படத்தைக் கையில் வாங்கவில்லை.

"எனக்குத் தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"உங்கப்பன் தள்ளினப்பலேர்ந்து. எங்க வூட்டுக்காரர் ரெண்டு தடவ கேட்டாரு. அறுப்பு முடியட்டும், பாத்துக்கலாம்னாரு உங்கப்பா. எத்தினி அறுப்பு முடிஞ்சுது."

"அப்பா செத்த பிறகு என்கிட்ட கேட்டிருக்கலாமே."

"கேட்டு? எனக்கு வக்கீலா இருக்காங்க, சர்வேயரா இருக்காங்க? நீ கோர்ட்டுக்குப் போன. உன்னால முடிஞ்சுது. நான் பூ பறிக்கறவ."

பிறகு ஏன் சாட்சிக்கு ஒத்துக்கொண்டீர்கள் என்று கேட்டேன்.

"அவன் வரப்பத் தாண்டி வேலி போட்டத என் கண்ணால பாத்தேன். பாத்தத சொல்றேன். அது வேற, இது வேற."

இரண்டு வரிசை சேர்ந்து பறித்தேன். கூடை நிரம்பியது. கிளம்பும்போது சொன்னேன், கேஸ் முடிந்ததும் வரப்பைத் தள்ளிவிடுகிறேன் என்று.

"உங்கப்பாவும் அறுப்பு முடியட்டும்னுதான் சொன்னாரு" என்றார். கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

நாள் முழுக்க வேறு எதுவும் ஓடவில்லை. குழம்பில் உப்பு இரண்டு தடவை.

பிப்ரவரி 17, செவ்வாய்

மேடம் ஆபீஸ். சாட்சிக்கு முன்பே வரப்பைத் தள்ளப் போகிறேன் என்றேன். முதல்முறையாக மேடம் குரல் உயர்ந்தது.

"சாட்சிக்கு நிலம் குடுத்து வாங்கிட்டீங்கன்னு சொல்வாங்க. அந்தம்மா சொல்ற ஒரு வார்த்த நிக்காது. புரியுதா?"

"புரியுது மேடம்."

"அப்புறமும் செய்வீங்களா?"

"செய்வேன்."

பேனாவை மூடித் திறந்து, மூடித் திறந்து. பிறகு, "செய்யறதுன்னா ஒளிக்காம செய்யுங்க. கமிஷனர் படத்துல என்ன அளவோ அதுதான், ஒரு இஞ்ச் அதிகமும் இல்ல, கம்மியும் இல்ல. போட்டோ எடுங்க. நான் கோர்ட்டுல மெமோ போட்டுத் தெரிவிச்சுடறேன். மறைச்சது மாதிரி இருக்கக் கூடாது."

கோபம்தான். ஆனாலும் வாசல் வரை வந்தார்.

பிப்ரவரி 21, சனி

கல் நட்டாயிற்று.

நானும் வீட்டுக்காரரும் அஞ்சலை அக்காவும். ஐந்து கல். டேப்பை அஞ்சலை அக்காவே பிடித்தார், நான் பிடித்தால் சரியிருக்காது என்று அவர் கையில் கொடுத்தேன். ஓரத்தில் இரண்டு வரிசை மல்லாட்டை பிடுங்க வேண்டியதாயிற்று. பிஞ்சுக்காய். மனது கேட்கவில்லை, அவித்துத் தின்றோம்.

பழைய வரப்பை வெட்டினேன். நான் மிதித்த வரப்பு. கெட்டியாகத்தான் இருந்தது. மதியம் வரை ஆனது, கையில் மூன்று கொப்புளம். வீட்டுக்காரர் "நான் வெட்டறேன், தள்ளு" என்று இரண்டு தடவை சொன்னார். தரவில்லை.

அஞ்சலை அக்கா நன்றி எல்லாம் சொல்லவில்லை. கடைசிக் கல்லை ஆட்டிப் பார்த்தார். "இன்னும் கொஞ்சம் எறக்கு" என்றார். இறக்கினேன்.

சேகர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று செல்போனில் படம் எடுத்தான். எடுக்கட்டும்.

மார்ச் 5, வியாழன்

பௌர்ணமிக் கூட்டம் இரண்டு நாளாகியும் குறையவில்லை, பஸ்ஸில் நிற்க இடமில்லை. அஞ்சலை அக்காவும் நானும் கோர்ட்டுக்குப் போய்ச் சேரும்போது பத்தரை. வராந்தாவில் பன்னிரண்டு வரை. பெயர் கூப்பிட்டதும் கூண்டில் ஏறினேன்.

சேகரின் வக்கீல் பெரியவர், மெதுவாகப் பேசுகிறவர். போர் போட்ட வருஷம், மின் இணைப்பு யார் பெயரில், பத்திரத்தில் 62 சென்ட் என்று இருக்கிறதே அளந்தால் 60 தானே வருகிறது. எல்லாவற்றுக்கும் இருப்பதைச் சொன்னேன். பிறகு மேற்கு வரப்பு.

"பக்கத்து நிலத்தை ஆக்கிரமிச்சது நீங்கதானே? உங்களுக்குத் தெரியும்தானே?"

மேடம் என்னைப் பார்க்கவில்லை. பேப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியும். எங்கப்பா தள்ளினாரு. நான் கூட இருந்தேன்."

"அப்ப எல்லையை நகர்த்தறது உங்க குடும்பத்துப் பழக்கம்."

"எங்கப்பாவுக்கு இருந்துச்சு. நான் திருப்பி வச்சுட்டேன். சேகரும் வச்சுட்டா கேஸ் முடிஞ்சுடும்."

நீதிபதி அம்மா தலை நிமிர்ந்து பார்த்தார். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லச் சொன்னார். டைப் அடிப்பவர் அடித்துக்கொண்டே இருந்தார்.

சாப்பாட்டுக்குப் பிறகு அஞ்சலை அக்கா. பழைய கிழக்கு வரப்பு போரைத் தாண்டித்தான் இருந்தது, வேலி போடும்போது ஆட்கள் அதை வெட்டிப் போட்டதைப் பார்த்தேன் என்று சொன்னார். பெரிய வக்கீல் எழுந்தார்.

"போன மாசம் வாதி உங்களுக்கு நிலம் குடுத்தாங்களா?"

"இல்ல."

"கல் நட்ட போட்டோ இருக்கும்மா. நீங்களே டேப் புடிச்சிருக்கீங்க."

"குடுக்கலங்க. என்னுது என்கிட்ட வந்துச்சு."

"அதுக்காகத்தானே சாட்சி சொல்றீங்க?"

"சாட்சிக்கு வரேன்னு தை மாசமே சொல்லிட்டேன். கல்லு நட்டது மாசில."

வக்கீல் இன்னும் இரண்டு கேள்வி கேட்டார், விட்டுவிட்டார்.

வெளியே வந்ததும் அஞ்சலை அக்காவுக்கு மூச்சு வாங்கியது. டீ, ஒரு பட்டர் பிஸ்கட். "அந்த ஆளு நல்லாத்தான் பேசறாரு" என்றார்.

மேடம், "எப்படிப் போகும்னு சொல்ல முடியாது வசந்தா" என்றார். சரி.

மார்ச் 24, செவ்வாய்

சேகர் கூண்டில் ஏறினான். வேலி பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் இருக்கிறது, அவ்வளவு நாள் அனுபவித்ததால் சட்டப்படி இடம் தனக்கே என்றான். மேடம் அவன் கல்தூண் வாங்கிய ரசீதைக் காட்டினார். அவனே முதலில் கோர்ட்டில் கொடுத்தது. மூன்று வருஷத்துக்கு முந்தைய தேதி. கழுத்தைத் துடைத்துக்கொண்டான். சின்ன வயதில் கணக்கு டீச்சர் நிற்க வைத்தால் அப்படித்தான் துடைப்பான்.

மல்லாட்டையில் சுருள் பூச்சி. நாளைக்கு மருந்து.

ஏப்ரல் 16, வியாழன்

தீர்ப்பு.

பதினொன்றரைக்கு வாசித்தார்கள். ஐந்து நிமிஷம் கூட இல்லை. எல்லை கமிஷனர் படத்தில் உள்ளபடி. போர் என்னுடையது. வேலியை இரண்டு மாதத்துக்குள் பிரதிவாதி தன் செலவில் எடுக்க வேண்டும், எடுக்காவிட்டால் கோர்ட் மூலம் எடுக்கலாம். பத்திரத்தில் உள்ள 62 சென்ட் கிடையாது. அளவும் எல்லையும் ஒத்துப்போகவில்லை என்றால் எல்லைதான் நிற்கும், அதனால் 60. அவரவர் செலவு அவரவருக்கு.

கும்பிட்டேனா என்றுகூட நினைவில்லை. வராந்தாவில் நின்று வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். பின்னால் தாளிக்கிற சத்தம். "நெஜமாவா" என்றார், மூன்று தடவை.

ஏப்ரல் 18, சனி

தீர்ப்பின் நகல். இருபத்திரண்டு பக்கம். மேடம் உட்கார்ந்து படித்துச் சொன்னார். சர்வேயர் பழைய கல்லைக் கண்டுபிடித்து அளந்ததால் அறிக்கையை நம்பலாம். பன்னிரண்டு வருஷக் கதை ரசீதாலேயே விழுந்தது. அஞ்சலை அக்காவைப் பற்றி ஒரே பத்தி: விசாரணைக்குச் சில நாள் முன்பு அவருக்கு நிலம் கிடைத்திருப்பதால் இந்தச் சாட்சியத்தைச் சார்ந்து முடிவெடுக்கவில்லை, அது இல்லாமலே வழக்கு நிரூபணமாகிறது.

மேடம் பயந்தது நடந்துதான் இருக்கிறது. கல் காப்பாற்றியது.

சாயங்காலம் அஞ்சலை அக்கா கேட்டார். "நான் சொன்னத எழுதி இருக்காங்களா?"

படித்துக் காட்டினேன், ஒரு வார்த்தை விடாமல். மாற்றிச் சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன், மாற்றவில்லை.

கேட்டுவிட்டு, "அப்ப நான் சொல்லாட்டியும் ஜெயிச்சிருப்ப" என்றார்.

"ஆமா."

"நீயும் கல்லு நடாம இருந்திருந்தா, நான் சொன்னத எடுத்திருப்பாங்க."

"ஆமாக்கா."

பூவைத் தொடுத்துக்கொண்டே இருந்தார். நான் எழுந்தபோது இரண்டு முழம் அறுத்துக் கையில் கொடுத்தார். அவர் விற்கிற பூவைச் சும்மா கொடுத்து நான் பார்த்ததில்லை.

ஏப்ரல் 26, ஞாயிறு

மதியம் கடும் வெயில். வாசலில் சேகர். மூன்று வருஷத்துக்குப் பிறகு எங்கள் வாசலில். வீட்டுக்காரர் எழுந்து நின்றுவிட்டார். நான் உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அப்பீல் போலாம்னு வக்கீல் சொல்றாரு."

"போ. தீர்ப்புலேர்ந்து முப்பது நாள் டைம்."

தரையைப் பார்த்தான். "போகல. போனாலும் அந்தக் கல்லு அங்கயேதான் இருக்கும். கோர்ட்டு ஆளுங்க வந்து வேலியப் புடுங்கறத ஊரு பாக்க வேணாம்க்கா. நானே எடுத்துக்கறேன்."

"எப்ப?"

"இந்தப் பௌர்ணமி போகட்டும்."

போகட்டும், முடியட்டும். இந்த வார்த்தையைக் கேட்டுக் கேட்டு அஞ்சலை அக்கா குடும்பம் முப்பது வருஷம் உட்கார்ந்திருந்தது.

"நாள் சொல்லு, சேகர்."

யோசித்தான். மே ஒன்பது, சனிக்கிழமை என்றான். ஒரு பேப்பரில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னேன். போட்டான். தண்ணீர் கொடுத்தேன், குடித்தான்.

மே 9, சனி

வருவானா என்று ஐந்து மணியிலிருந்து. ஏழுக்கு வந்தான், இரண்டு ஆளோடு. சர்வேயர் வைத்த குறியில் முதலில் எல்லைக்கல், பிறகுதான் வேலியில் கை. அது என் நிபந்தனை. கம்பியைச் சுருட்டினார்கள். தூண்களை ஒவ்வொன்றாக ஆட்டி எடுத்தான். மூன்றாவது தூண் அசையவில்லை, நானும் ஒரு பக்கம் பிடித்தேன். சேர்ந்து பிடுங்கினோம்.

மேற்குப் பக்கம் பார்த்தான்.

"அங்க எவ்ளோ வுட்ட?"

"ரெண்டடி."

"யாரும் கேக்காமலா?"

"ஆமா."

வேர்வையைத் துடைத்தான். "பெரியப்பா இருந்திருந்தா உன்ன வெட்டிப் போட்டிருப்பாரு."

"இருந்திருந்தா நீ வேலியே போட்டிருக்க மாட்ட."

கடப்பாரையை எடுத்துக்கொண்டு அடுத்த தூணுக்குப் போனான். இன்னும் பதினொன்று இருந்தது.